பூச்சு இல்லாத செங்கல் வீடு... வாங்கும் முன் ஊற வைத்துப் பாருங்கள்!

2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரம் பக்கம் பூச்சு வேலை இல்லாமல், செங்கல் வெளியே தெரியும்படி வீடு கட்டுகிறவர்கள் கல்லின் நிறத்தைவிட, அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. நன்கு காய்ந்த செங்கலை எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, துடைத்துவிட்டு மறுபடியும் எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம். சாதாரணச் செங்கலுக்கு ஐ.எஸ். 1077 தரவிதி அனுமதிப்பது 20 சதவிகிதம்தான்.

ஊறிய கல் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தால், அது உப்பு. நாளை சுவரிலும் பூக்கும். பெயின்ட் அடித்தாலும் உரிந்து வரும்.

தரையை ஒட்டிய அடிப்பகுதிக்குக் கருங்கல்லே நல்லது. லோடு இறக்கும் முன் ஒரு நாள் பொறுத்தால் போதும்!