டைட்டானிக்கும் பாம்பன் மாமாவும்

வைகையில தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பார்க்கிற ஊரு நம்ம ஊரு. அதுலயும் நான் வில்லாபுரம் ஹவுசிங் போர்டு. ‘நீயெல்லாம் போட்டுக்கு ஸ்டீயரிங் மாட்டுனியா?’ன்னு சிரிக்காதீங்க. மாட்டினேன். அப்புறம் கழட்டினேன். அதான் இந்த வாரக் கதை.

ரூம்மேட்டோட மாமா பாம்பன்ல ஃபைபர் படகு வச்சிருக்கார். பின்னாடி 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின். சுக்கான், ஆக்சிலரேட்டர் எல்லாமே அதோட கைப்பிடிதான். ஒரு வருஷமா மாமாவுக்கு வலது தோள்பட்டையில வலி. கைப்பிடியைக் கொஞ்சம் விட்டாலும் படகு வலப்பக்கமா இழுத்துட்டுப் போகுதாம். ‘இப்படியே போனா படகை வித்துட்டு அடுத்தவன் படகுல கூலிக்குத்தான் போகணும் தம்பி’ன்னார். எங்களுக்கும் மினி புராஜெக்ட் தேவைப்பட்டுச்சு. கார் மாதிரி ஸ்டீயரிங் வீல் வச்சுட்டா முடிஞ்சது மேட்டர்னு மாட்டுத்தாவணியில பஸ் ஏறிட்டோம்.

முதல் பல்பு அங்கேயே. ஸ்டீயரிங்கை மட்டும் முன்னாடி கொண்டு வந்தா ஆக்சிலரேட்டர், கியர் எல்லாம் பின்னாடியே நின்னுடும். அதுக்கும் தனித்தனி கேபிள் இழுக்கணும். கேபிளை ரொம்ப மடக்கினா வீல் கல்லு மாதிரி இறுகிடும். ஹைட்ராலிக் போட்டா வெண்ணெய் மாதிரி திரும்பும், ஆனா விலையைக் கேட்டதும் மாமா எழுந்து போயிட்டார். பழைய கேபிள் செட் ஒண்ணு வாங்கி ரெண்டு நாள் மல்லுக்கட்டி மாட்டினோம்.

வடகடல் பக்கம் அலையே இல்ல. மாமா சூப்பரா ஓட்டினார். திடீர்னு எதிர்ல ஒரு படகு. மாமா சரக்குன்னு வீலை ஒடிச்சார், நேரா அது மேலயே போனோம்! கடைசி நொடியில அந்தப் படகுக்காரர் ஒதுங்கினதால ஓரம் மட்டும் உரசுச்சு. அவர் திட்டினதை இங்கே அச்சுல போட முடியாது.

ஏன்னு யோசிங்க பாஸ். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினா படகு இடப்பக்கம் போகும். வீல்ல அப்படியே உல்டா. கரையில டிவிஎஸ் 50 ஓட்டுறவர்தான், ஆனா படகுல உட்கார்ந்துட்டா அவர் கைக்கு முப்பது வருஷப் பழக்கம்தான் தெரியும். 1912-ல டைட்டானிக்ல பனிப்பாறையைப் பார்த்ததும் கொடுத்த ஆர்டர் ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’. ஸ்டார்போர்டுன்னா வலது. ஆனா கப்பல் திரும்பினது இடது பக்கம். தப்பு இல்ல, அந்தக் காலத்து ஆர்டர் எல்லாம் சுக்கான் கட்டையை எந்தப் பக்கம் தள்ளணும்ங்கிற கணக்கு. வீல் வந்து எத்தனையோ காலம் கழிச்சு, 1930-கள்லதான் அந்த வழக்கத்தை விட்டாங்க. மாமாவை ரெண்டு நாள்ல மாத்த நாங்க யாரு?

சோகமா எல்லாத்தையும் கழட்டுறப்போதான் கண்ணுல பட்டுச்சு. புரொபெல்லருக்கு மேலே மீன் வால் மாதிரி ஒரு குட்டி உலோகத் துடுப்பு. டிரிம் டேப்னு பேரு. புரொபெல்லர் ஒரே பக்கமா சுத்துறதால என்ஜின் ஒரு பக்கம் இழுக்கும் இல்லையா, அதைச் சரிக்கட்டுறது இதோட வேலை. சில என்ஜின்கள்ல இது துத்தநாகம். உப்புத்தண்ணி என்ஜினை அரிக்கிறதுக்குப் பதிலா இதை அரிச்சுக்கும். மாமாவோடது பாதி கரைஞ்சு, கோணலா வேற நின்னுச்சு. புதுசு வாங்கி, போல்ட்டைத் தளர்த்தி, வால் பக்கத்தைக் கொஞ்சமா வலதுக்குத் திருப்பினோம். படகு எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கமே திருப்பணும், இதுலயும் உல்டா பண்ணிடாதீங்க.

மறுநாள் விடிகாலையில போயிட்டு வந்த மாமா, ‘ரெண்டு விரல்ல பிடிச்சேன் தம்பி’ன்னார். தோள் வலி உடனே போகல, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்கோம். படகை விக்கிற பேச்சு மட்டும் நின்னுடுச்சு.

கழட்டின வீலை மாமா வீட்டு வாண்டு திண்ணையில வச்சு மதுரை பஸ் ஓட்டிட்டு இருக்கான். அவன் வலதுக்கு ஒடிச்சா வலதுக்குத்தான் போகுது. புராஜெக்ட் ரிவ்யூ வர்ற வெள்ளிக்கிழமை. ஒரு போல்ட்டை எப்படி முப்பது பக்கத்துக்கு எழுதுறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா!