உங்கள் கால்கள் எங்கே போகின்றன?



சென்ற விடுமுறைக்கு முன் எங்கள் பெங்களூர் சபையின் வாலிபர் சிலர் மூப்பர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். எல்லாரும் பொறியியல் படிக்கிறவர்கள். தங்கள் தாத்தாக்கள் சுரங்கத்தில் உழைத்த சாம்பியன் ரீப்ஸுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சைக்கிளிலேயே செல்ல வேண்டும். வழியிலுள்ள கிராமங்களில் தங்கி, பிள்ளைகளுக்கு மின்சுற்று அமைக்கவும் கணக்கைக் கையால் செய்து பார்க்கவும் கற்பிக்க வேண்டும் என்றார்கள். "ஊழியத்துக்குப் போகிறவன் கையில் வேதாகமம் இருந்தால் போதாதா? ஸ்குரூடிரைவர் எதற்கு?" என்று கேட்டவன் நான்தான். அவர்கள் மறுவார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். அந்த மௌனம் அநேக நாள் என் இருதயத்தை உறுத்தியது.

அவர்கள் கேட்டது நடவாத காரியமல்ல. 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில், மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் அடங்கிய ஒரு குழு அந்தத் தேசத்தையே சைக்கிளில் கடந்து, வழியெங்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பயிற்சி நடத்தியது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிளையும் எழுத்தறிவோடு சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் சைக்கிள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்; அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு வசதியாயிற்று. ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் இப்படிக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்தப் பெண்கள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

தேவ ஜனமே, ஆவியின் நிறைவைக் குறித்து நாம் அதிகமாய்ப் பேசுகிறோம். யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் யார்? பெசலெயேல் என்னும் கைவினைஞன். 35-ஆம் அதிகாரம் 34-ஆம் வசனத்தை வாசியுங்கள். தான் அறிந்த வேலையைப் பிறருக்குப் போதிக்கும் வரத்தையும் கர்த்தர் அவன் இருதயத்தில் அருளினார். உளியும் சுத்தியலும் பிடித்த கையை ஆவியானவர் அற்பமாய் எண்ணவில்லை. ஸ்குரூடிரைவரை அற்பமாய் எண்ணியது நான்.

சாம்பியன் ரீப்ஸின் பாரம் உங்களுக்குத் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நம் பிதாக்கள் பொன் எடுத்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள்தான் 1965-ல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டன் விஞ்ஞானிகள், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயத்தைக் கண்டார்கள். உலகம் பாடம் படிக்க வந்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவதே அநேகக் குடும்பங்களின் வாழ்க்கையாயிற்று. மாலையில் அந்தப் பிள்ளையின் பாடப் புத்தகத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? நாமோ பட்டணத்தில் பட்டம் பெற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்த ஊருக்குப் பண்டிகைக் காணிக்கை மாத்திரம் அனுப்புகிறோம்.

வாலிபர்களைத் திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்டேன். வரும் விடுமுறையில் புறப்படுகிறார்கள். பெற்றோரே, நெடுஞ்சாலையைக் குறித்த உங்கள் பயம் நியாயமானது. ஆகையால் வெயிலுக்கு முன்னே விடியற்காலையில் ஓட்டுவார்கள், இருட்டியபின் ஓட்டமாட்டார்கள், ஆண்டவர் சீஷரை அனுப்பினதுபோல இருவர் இருவராய்ச் செல்வார்கள், தலைக்கவசம் அணிவார்கள், மூப்பர் ஒருவர் வேனில் பின்தொடர்வார். அந்த மூப்பர் நானே.

வாசிக்கிற மகனே, மகளே, உன் சொந்த ஊர் எது? அங்கே ஒரு பிள்ளைக்கு நீ கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு காரியம் உன் கையில் இல்லையா? இம்மாதம் அதை ஜெபத்தில் வைத்துக் கேள். வழியை அவர் காட்டுவார். மிதிக்க வேண்டியது நீ.

கர்த்தர் தாமே உங்கள் கால்களை நடத்துவாராக. ஆமென்.