அடித்த கையும் அழிந்த சான்றும்

“இது என்ன நீதி, தம்பி? செய்தவன் தன் வாயாலேயே செய்தேன் என்று சொல்லிப்போட்டான். பிறகென்ன வழக்கு?”

இவ்வாறு வெகுண்டு கேட்டவர் எழுபது வயதைக் கடந்த ஒரு கமக்காரர். கூட்டமொன்றின் ஒழுங்குகளைப் பேசுதற் பொருட்டு அன்று மாலை நாம் அவர் இல்லம் சென்றிருந்தோம். அவருடைய பேரன் ‘புரோட்சேர்ச்’ எனும் ஆங்கிலத் துப்பறியும் தொடரைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, இடையிடையே தமிழில் விளக்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தின் ஒழுங்குகள் ஒருபுறம் கிடக்க, நாமும் அதன் முன்னே அமர்ந்துவிட்டோம். அமர்ந்தமைக்காக வருந்தவில்லை. ஏனெனில், அந்த முதியவர் எழுப்பிய வினா தமிழ் பேசும் மக்கள் ஒவ்வொருவரும் நின்று சிந்திக்கவேண்டிய வினா. அதற்கு நாம் அன்று அளித்த விடை அவருக்கு நிறைவளித்ததோ அறியோம். ஆதலின் ஈண்டு சற்று விரிவாகவே எழுதத் துணிகின்றோம்.

முதலிற் கதையைக் கூறிவிடுவோம். கிறிஸ் சிப்னல் என்பார் எழுதிய இத்தொடரின் முதற் பாகம் 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒளிபரப்பாயிற்று. கடலோரச் சிற்றூர் ஒன்றில் டானி லற்றிமர் என்னும் பதினொரு வயதுச் சிறுவன் கடற்கரையிற் பிணமாகக் கிடக்கின்றான். அலெக் ஹார்டி என்னும் துப்பறியும் அதிகாரியும், அவருக்குக் கீழே பணிபுரியும் எல்லி மில்லர் என்னும் பெண்ணும் புலன் விசாரணை செய்கின்றனர். எல்லி அவ்வூரவள், இறந்த பாலகனின் தாய்க்கு உற்ற தோழி. எட்டு அங்கங்கள் ஊரிலுள்ள ஒவ்வொருவர் மீதும் ஐயம் படர்ந்து, ஈற்றில் கொலைஞன் யாரெனத் தெரியவருகின்றது. அவன் வேறு யாருமல்லன், எல்லியின் கணவனாகிய ஜோ மில்லரே. அவன் ஹார்டியிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கின்றான். செய்தியறிந்த எல்லி, தடுத்து வைக்கப்பட்டிருந்த கணவன் முன் சென்று, வெறிகொண்டவள்போல் அவனைத் தாக்குகின்றாள். ஏனைய உத்தியோகத்தர் அவளை இழுத்து விலக்கவேண்டியதாயிற்று.

அந்தக் காட்சியைக் கண்டு கண் கலங்காதார் இலர். எல்லியாக நடித்த ஒலிவியா கோல்மனின் ஆற்றல் அத்தகையது. பார்த்தோரெல்லாம் அவளுடைய கையோடு தம் கையையும் சேர்த்தே ஓங்கினர் எனலாம். முதற் பாகம் அத்துடன் முடிந்தது. துப்பறியும் கதைகளிற் பெரும்பாலானவை அங்கேதான் முடிவன. குற்றவாளி அகப்பட்டான், கதை நிறைந்தது, விளக்கை அணைத்துவிட்டு உறங்கலாம்!

சிப்னல் உறங்கவிடவில்லை. 2015ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய இரண்டாம் பாகத்தின் முதல் அங்கத்திலேயே ஜோ மில்லர் நீதிமன்றில் எழுந்து நின்று தான் சுற்றவாளி என்கின்றான். இரண்டாம் அங்கத்திலேதான் எமது முதியவரை வெகுளச் செய்த அந்த இடம் வருகின்றது. ஷாரன் பிஷப் என்னும் எதிரி தரப்புச் சட்டத்தரணி, பொலிஸ் காவலில் எதிரி தாக்கப்பட்டமையை எடுத்துக்காட்டி, அவனுடைய ஒப்புதலைச் சான்றாக ஏற்றல் ஆகாது என வாதிடுகின்றாள். முன்னாளில் அவளுக்குத் தொழில் பயிற்றிய ஜொசலின் நைற் என்னும் முதிய சட்டத்தரணியே வழக்குத்தொடுநர் தரப்பில் நிற்கின்றார். நீதிபதி எதிரி தரப்பின் வாதத்தை ஏற்று ஒப்புதலைத் தள்ளிவிடுகின்றார். கொலையுண்ட பிள்ளையின் தாய் பெத் லற்றிமரின் முகத்தை அவ்வேளையிற் பார்க்க முடியவில்லை.

நாடகத்திலே குறைகள் இல்லாமலில்லை. சாட்சி சொல்லவேண்டியவர்கள் தம் முறை வருமுன்னரே மன்றில் அமர்ந்து பிறர் சாட்சியத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதை எந்த நீதிபதியும் பொறுக்கமாட்டார். இன்னொன்று இதனினும் பெரிது. ஜோ ஒப்புக்கொண்டது முன்னர். அடி விழுந்தது பின்னர். முதற் பாகத்தைப் பார்த்தோர் யாவரும் இதை அறிவர். நேர ஒழுங்கைப் பொலிஸ் பதிவேடுகளைக் கொண்டு நிறுவுதல் வழக்குத்தொடுநருக்கு அத்துணைக் கடினமான காரியமன்று. எமது இளநிலைச் சட்டத்தரணி ஒருவர் இப்பிழையைச் செய்திருப்பின் நாம் அவரைக் கடிந்திருப்போம். ஆயினும் நாடகாசிரியர் சட்டப் பரீட்சைக்குத் தோற்றவில்லை என்பதால் இதனை இம்மட்டில் விடுவோம். அவர் தொட்ட பொருள் உண்மையானது.

இங்கிலாந்தின் சட்டம் யாது கூறுகின்றது? 1984ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றச் சான்றுச் சட்டத்தின் 76ஆம் பிரிவு இதற்குரியது. ஒப்புதல் கொடுமையினாலோ, அதனை நம்பத்தகாததாக்கக்கூடிய சொல் அல்லது செயலினாலோ பெறப்பட்டிருக்கலாம் என எதிரி தரப்பு எடுத்துரைத்தால், அவ்வாறு பெறப்படவில்லை என்பதை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிறுவவேண்டிய பொறுப்பு வழக்குத்தொடுநரையே சாரும். நிறுவத் தவறின் அந்த ஒப்புதலை நீதிமன்று ஏற்கலாகாது. அது உண்மையாகவே இருப்பினும் ஏற்கலாகாது! வாசகர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். ‘பொய்யாக இருக்கலாம், ஆகவே தள்ளுக’ என்று அச்சட்டம் சொல்லவில்லை. மெய்யோ பொய்யோ என்ற வினாவுக்கே செல்லாது, பெற்ற முறை எத்தகையது என்று மட்டும் கேட்கின்றது.

ஆங்கிலேயர் இந்த ஞானத்தை எளிதிற் பெறவில்லை. விலை கொடுத்தே பெற்றனர். 1972ஆம் ஆண்டில் இலண்டனில் மக்ஸ்வெல் கொன்பெயிற் என்பவர் கொலையுண்டார். பதினெட்டு, பதினைந்து, பதினான்கு வயதுடைய மூவர் பொலிசாரிடம் அளித்த ஒப்புதல்களின் வலுவில் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் மூத்தவன் மனவளர்ச்சி குன்றியவன். 1975இல் மேன்முறையீட்டு மன்று அத்தீர்ப்புகளை அழித்தது. அவ்வழக்குப் பற்றிய விசாரணையும், பின்னர் அமைந்த அரச ஆணைக்குழுவுமே 1984ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலின. பேர்மிங்ஹாம் அறுவரின் கதையோ இதனினும் கொடியது. 1974ஆம் ஆண்டு நவம்பரில் அந்நகரின் மதுச்சாலைகளில் வெடித்த குண்டுகளால் 21 பேர் மாண்டனர். நாடே கொதித்தெழுந்தது. ஐரிஷ்காரர் அறுவர் பிடிபட்டனர். நால்வர் ஒப்புதல்களிற் கையொப்பமிட்டனர். அடித்து வாங்கிய ஒப்பு என்று அவர்கள் கதறியதைக் கேட்பார் இல்லை. 1991ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேதான் அவர்கள் விடுதலையாயினர். பதினாறு ஆண்டுகள்! மெய்யாகவே குண்டு வைத்தவர்களுக்கோ அந்தப் பதினாறு ஆண்டுகளும் ஆறுதலாகக் கழிந்தன. அடித்து வாங்கிய ஒப்பு நிரபராதியை உள்ளே தள்ளுவதோடு நிற்பதில்லை. குற்றவாளியை வெளியே விட்டும் வைக்கின்றது.

இனி, எமது வீட்டுக்கு வருவோம்.

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. இந்தியாவுக்கென ஆங்கிலேயர் 1872இல் இயற்றிய சட்டத்தைத் தழுவியது. அதன் 25ஆம் பிரிவு இங்கிலாந்தின் சட்டத்தினும் கண்டிப்பானது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட எந்தக் குற்ற ஒப்புதலையும் எதிரிக்கு மாறாக எண்பித்தலாகாது என்று அது விதிக்கின்றது. அடித்தாரா, அச்சுறுத்தினாரா என்ற ஆராய்வே அங்கில்லை. பொலிசாரிடம் சொன்னதா? தள்ளு! அவ்வளவே. தம் ஊர்ப் பொலிசை நம்பிய வெள்ளையர், குடியேற்ற நாடுகளில் தாமே அமைத்த பொலிசை நம்பவில்லை. காரணம் எதுவாயினும், எண்பத்துநான்கு ஆண்டுகள் அந்த வேலி எமது குடிமகனைக் காத்து நின்றது.

வேலியை வெட்டியது வெள்ளையன் அல்லன். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட ஒப்புதலை ஏற்புடைத்தாக்கியது. அத்துடன் அமையவில்லை. அது அச்சுறுத்திப் பெறப்பட்டது என்றால் அதனை நிறுவும் சுமையை எதிரியின் தலைமீதே ஏற்றிவைத்தது. கதவடைத்த அறையிலே, சாட்சியின்றி, தன்னைக் காவலில் வைத்தவர்கள் இழைத்ததைத் தானே நிறுவவேண்டுமாம்! மூன்று ஆண்டுகளுக்கென வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் தடுப்புக் காவலின் காலத்தைக் குறைத்ததேயன்றி, ஒப்புதல் பற்றிய இப்பிரிவைத் தொடவில்லை.

சிங்கராசா வழக்கை இங்கு நினைவூட்டாதிருக்க இயலாது. மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த அவ்விளைஞர் 1993இல் கைதானார். தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர். ஒப்புதல் எனப்பட்ட பத்திரம் சிங்களத்திலே தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. அதன் கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். முதுகிலே தழும்புகளும் இடக் கண்ணிலே பார்வையைக் கெடுத்த காயமும் இருந்தமையை மருத்துவ அறிக்கை கூறிற்று. அவர் அடிபட்டதை நீதவானிடம் முறையிடவில்லையே என்பதோ அவருக்கு மாறாகக் கொள்ளப்பட்டது. 1995இல் மேல் நீதிமன்று 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, ஒப்புதலைப் பொய்ப்பிக்கும் சுமையை எதிரிமீது சுமத்தியமை நேரிய விசாரணைக்கான உரிமையை மீறியது எனக் கண்டது. 2006இல் எமது உயர் நீதிமன்றமோ, அக்குழுவிடம் தனியாள் முறையிட வழிசெய்யும் உடன்பாட்டில் இலங்கை இணைந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று கூறி அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது.

எல்லி மில்லரின் கை விழுந்தது சில கணங்கள். அடித்தவளோ கணவனாற் குடிகெட்ட ஒரு மனைவி. அது தொலைவிலுள்ள கற்பனை ஊர் ஒன்றின் கதை. அவ்வளவுக்கே அங்கு ஒப்புதல் போயிற்று. இங்கோ ஒருவன் கண்ணின் பார்வை கெட்டது, ஒப்புதல் நிலைத்தது.

இதனைத் தமிழரின் குறை என்று மட்டும் எண்ணுவோருக்கு ஒரு சொல். 2019ஆம் ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம்கள் பலர் இதே சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டனர். 2022இல் தெற்கின் மாணவர் தலைவர்கள்மீதும் அது பாய்ந்தது. அயலவன் காணியின் வேலியைத்தானே வெட்டினார்கள் என்றிருந்தவனின் தோட்டத்திலும் மாடு மேய்ந்துவிட்டது.

பெத் லற்றிமருக்கு நாம் சொல்லக்கூடியது என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 76ஆம் பிரிவை வாசித்துக் காட்டுவது மனிதத்தன்மையன்று. அவளுடைய கோபம் நியாயமானது என்பதில் எமக்கு ஐயமில்லை; அது சென்று சேர்ந்த இடமே பிழை. அவள் நீதிபதியையும் எதிரி தரப்புச் சட்டத்தரணியையும் வெறுக்கின்றாள். நாடகமும் ஷாரன் பிஷப்பை ஒரு கொடியவளாகவே காட்ட முனைகின்றது. இது எமக்குச் சற்றும் உடன்பாடில்லை. எதிரிக்காகத் துணிந்து நிற்கும் சட்டத்தரணி இல்லாத ஊரில் நீதிமன்று பொலிஸ் நிலையத்தின் முன்கூடமாகிவிடும். வழக்கைக் கெடுத்தவர்கள் அவர்கள் அல்லர். எல்லியைக்கூட நாம் முதலிற் குற்றஞ்சாட்டமாட்டோம். சந்தேகநபரின் மனைவி, அதிலும் அவ்வழக்கையே விசாரித்தவள், அவன் முன்னே செல்ல நேர்ந்ததற்கு மேலதிகாரியாகிய ஹார்டியே பொறுப்பு. ஒப்புதல் கைக்கு வந்துவிட்டது, இனி என்ன என்ற அயர்வு அது. மன்றிலே ஒப்புதல் போனபின்பு எஞ்சிய சான்றுகள் ஒவ்வொன்றாக ஆட்டங்காணுவதைத் தொடர்ந்து வரும் அங்கங்களிற் காண்கின்றோம். எட்டாம் அங்கத்தில் ஜூரிமார் ஜோவைச் சுற்றவாளி என விடுவிக்கின்றனர். ஒப்புதலையே ஊன்றுகோலாகக் கொண்ட பொலிசுக்குக் கால்கள் வலுவிழந்துபோவது இங்கும் நாம் அன்றாடம் காணும் காட்சியே.

இவையனைத்தையும் அன்று மாலை முதியவருக்கு நாம் சொல்லிமுடிக்கவில்லை. சிங்கராசாவின் கதையை மட்டும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “அந்தப் பொடியன்ரை கண் பிறகு சுகப்பட்டதோ?” என்று கேட்டார். நிரந்தரமான பாதிப்பு என்று மருத்துவர் எழுதியிருந்ததைச் சொன்னோம். அவர் பேரனைப் பார்த்து, அடுத்த அங்கத்தைப் போடச் சொன்னார்.