யாருக்குச் சொன்ன திக்ர்?

சொறிக்கல்முனைக்கு அடுத்த ஊரில் பெண்களுக்கான பயான். வீட்டு வேலையில் களைத்தால், படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லச் சொன்னார் மௌலவி.

ஹதீஸ் சரிதான். புகாரியில் இருக்கிறது. திருகை சுழற்றிக் கை நொந்த பாத்திமா நாயகி பணியாள் கேட்டபோது கிடைத்த திக்ர் அது. ஆனால் மௌலவி பாதியை விழுங்கிவிட்டார். நபிகளார் கணவன் மனைவிக்கு நடுவில் அமர்ந்து இருவருக்குமே அதைக் கற்பித்தார்கள்; அரபு மூலத்தில் இருமை வினை. ஸிப்பீன் போர் இரவிலும் அதை விடவில்லை என்றார்கள் அலியார். ஆண்களின் ஜும்ஆவில் இந்த ஹதீஸை நான் கேட்டதேயில்லை. நபிகளார் வீட்டில் குடும்பத்தாருக்குப் பணிசெய்வார்கள் என்று ஆயிஷா நாயகி சொன்னதும் புகாரியில்தான் இருக்கிறது.

நான் மட்டும் யோக்கியனா? பள்ளிக்கூடம் விட்டுவந்து, தஸ்பீஹ் மணியை உருட்டியபடியே அடுப்படியைப் பார்த்துத் தேத்தண்ணி கேட்கிறவன்தான்.