மனிதன் இல்லாத போர்க்களம்

யுத்தச் சித்திரம் என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை பாய்ந்தோடும் குதிரை, ஓங்கிய வாள், குண்டடிபட்டும் கொடியைக் கைவிடாத வீரன் ஆகியவையே. ஐரோப்பிய அரண்மனைச் சுவர்களில் இத்தகைய படங்களுக்குப் பஞ்சமில்லை. பால் நாஷ் என்ற ஆங்கிலேயர் 1918-ல் எழுதிய சித்திரத்திலோ இவற்றுள் ஒன்றுகூட இல்லை. மனிதனே இல்லை.

இருப்பதெல்லாம் மண். பீரங்கிக் குண்டுகள் கிளறிய குழிகளும் மேடுகளும், அலை வீசும் கடல் அப்படியே உறைந்து போனாற்போல் கிடக்கின்றன. கிளையும் இலையும் இழந்த மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. பின்னே உலர்ந்த ரத்தத்தின் நிறத்தில் மேகத்திரள். அதற்கு மேல் வெளிறிய சூரியன் எழுகிறது. இதற்கு அவர் சூட்டிய பெயர், ‘புதிய உலகைச் சிருஷ்டிக்கிறோம்’ என்பது!

நாஷ் தூரத்திலிருந்து கற்பனை செய்தவரல்லர். 1917-ல் பெல்ஜியத்தில் ஈப்ர் களத்தில் ராணுவ அதிகாரியாக இருந்தார். பதுங்குகுழியில் தவறி விழுந்து விலா எலும்பு முறிந்ததால் ஊர் திரும்பினார். சில நாட்களில் அவருடைய படைப்பிரிவினர் பலர் தாக்குதலில் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் சர்க்கார் சித்திரக்காரராக மீண்டும் அங்கே சென்றார். அது தாழ்வான களிமண் பூமி. வடிகால்களைக் குண்டுகள் தகர்த்தன, மழையும் பெய்தது. வயலும் வனமும் சேறாகி, ஆட்களையும் குதிரைகளையும் விழுங்கின.

பணம் கொடுத்து எழுதச் சொன்ன சர்க்காரே இச்சித்திரத்தைத் தன் வெளியீடொன்றின் அட்டையில் அச்சிட்டது. ஆனால் பெயரை மட்டும் விட்டுவிட்டது. படத்தைவிடப் பெயரே அபாயகரமானது என்று கருதினார்களோ, என்னவோ!

மனிதர் லட்சக்கணக்கில் மடிய, மரத்துக்காக அழுவதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். எனினும் வீரனைக் காட்டும் படம், பார்க்கும் இளைஞனைத் தானும் அவ்வாறு நிற்க வேண்டுமென்று ஆசைகொள்ளச் செய்கிறது. இங்கே ஆசைப்படுவதற்கு என்ன இருக்கிறது? ஜயகோஷம் செய்யவும் ஆளில்லை. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதும் தெரியவில்லை. யுத்தத்துக்கு ஆள்சேர்க்க ஒருநாளும் உதவாத சித்திரம் இது என்பதே நமது அபிப்பிராயம். இதனினும் உயர்ந்த பாராட்டு நமக்குத் தெரியவில்லை.

அந்த மண் நமக்கு அந்நியமுமன்று. அங்கிருந்து சில மைல் தூரத்தில், ஹோலபெக் கிராமத்தில், 1914 அக்டோபர் 31-ல் இயந்திரத் துப்பாக்கியை விடாது இயக்கிய சிப்பாய் குதாதத் கான், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். 1915 ஏப்ரலில் விஷவாயுப் போரிலும் நம்மவர் அங்கே நின்றனர். ஈப்ர் நகரின் மெனின் வாயிலில், புதைத்த இடம் தெரியாத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியர் 400-க்கு மேல். அவர்களில் பலருடைய உடல்கள் அந்தச் சேற்றில்தான் எங்கோ கிடக்கின்றன. நாஷ் மனிதனை எழுதவில்லை என்று குறைகூறுவோர், அவர் எழுதிய மண்ணை மறுபடியும் ஒருமுறை பார்க்கட்டும்.