அடுப்பு கட்டி முடித்த பின்

எரிவாயு உருளை நுழையாத வீடு கிராமங்களில்கூட இன்று அரிதாகிவிட்டது என்றாலும், அந்த உருளைக்குச் சற்றுத் தள்ளி, பெரும்பாலும் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், விறகடுப்பு ஒன்றும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நம் தொழிலில் ஈடுபட்ட யாவரும் அறிவர். குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கவும், விருந்தாளிகள் வந்தால் பெரிய பாத்திரம் ஏற்றவும், உருளையின் விலை ஏறிய மாதங்களில் அன்றாடச் சோற்றுக்கும் அந்த அடுப்பையே நாடுகிறார்கள். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான வீடுகளுக்கு எரிவாயு இணைப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரிய காரியமே. ஆயினும் இணைப்பு வந்ததனாலேயே அவ்வீட்டில் புகை ஓய்ந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டு, அடுப்பமைக்கும் நாம் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாகாது. வீட்டுப் புகையினால் விளையும் நோய்களுக்கு 2020-ஆம் ஆண்டில் உலகமெங்கும் 32 லட்சம் பேர் பலியானதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருப்பதை நினைக்கும்போது, நம் தொழில் எவ்வளவு பொறுப்புள்ளது என்பதை வேறொருவர் வந்து நமக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

புகையில்லா அடுப்பு என்னும் எண்ணம் இந்நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. தஞ்சையில் பிறந்து, அந்திமக் காலத்தில் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து நடத்திய பணிகளுக்கு நிலைக்களமான வார்தாவின் மகன்வாடியிலிருந்துதான், அவ்விடத்தின் பெயரையே தாங்கிய மகன் சூல்ஹா என்னும் அடுப்பு கிராமங்களுக்குப் புறப்பட்டது. 1953-இல் ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, ஏழைக் குடும்பங்களின் சமையலறையைப் புகையினின்று விடுவிப்பதற்கென்றே ஒரு நூல் எழுதி, புகைப்போக்கியுடன் கூடிய மண்ணடுப்பு ஒன்றை வகுத்துக் கொடுத்தார். அதன்பின் 1983-இல் மத்திய அரசு தேசியத் திட்டமாகவே இதை மேற்கொண்டு, 2002-இல் அத்திட்டம் முடிவுற்றபோது ஏறத்தாழ மூன்றரைக் கோடி அடுப்புகள் நாட்டில் அமைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பிரயாசைக்கும் பலன் என்ன என்று கேட்டால், கட்டிய அடுப்புகளின் கணக்கு ஏடுகளில் திருத்தமாக இருக்கிறது. எரிந்துகொண்டிருந்த அடுப்புகளின் கணக்கை எழுதிவைக்க வேண்டுமென்ற சிரத்தைதான் போதிய அளவு இருக்கவில்லை என்று சொல்ல நேரிடுகிறது.

இந்தக் குறை எங்கே போய் முடியும் என்பதை ஒடிசாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் புகைப்போக்கி வைத்த மண்ணடுப்புகளைப் பெற்ற குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, தம் முடிவுகளை 2016-இல் வெளியிட்டனர். முதலாண்டில் சமைக்கும் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பின் அந்தப் பயன் தேய்ந்து மறைந்துபோயிற்று. அடுப்புகள் பழுதுபட்டன, பழுது பார்க்கப்படவில்லை, முறையாக உபயோகிக்கப்படவுமில்லை. ஆராய்ச்சியாளர்கள் இதிலிருந்து கொள்கை வகுப்போருக்கு வேண்டிய பாடங்களை எடுத்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டிய செய்தி வேறு: கட்டி முடித்த நாளில் நன்றாக இழுத்த புகைப்போக்கி இரண்டாம் ஆண்டில் ஏன் இழுக்கவில்லை என்பதே அது.

புகைப்போக்கியை இழுக்கச் செய்யும் சக்தி எவ்வளவு அற்பமானது என்பதை நம்மில் பலர் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. வெளிக்காற்று 30 டிகிரியாகவும், குழாய்க்குள் ஏறும் புகை 150 டிகிரியாகவும் இருக்குமானால், மூன்று மீட்டர் உயரமுள்ள புகைப்போக்கியின் அடியில் உண்டாகும் அழுத்த வேறுபாடு சுமார் 10 பாஸ்கல்; அதாவது, ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீர் தரக்கூடிய அழுத்தம், அவ்வளவே. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கொண்டுதான் அடுப்பின் வாயிலிருந்து காற்றை உள்ளிழுத்து, விறகின் ஊடே செலுத்தி, முதற்பானையைச் சுற்றி, கொடியடுப்பின் அடிவழியே நெளிந்து, குழாயில் ஏற்றிக் கூரைக்கு மேலே தள்ள வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு முழங்கை வளைவைக் கூடுதலாக வைத்தாலும், குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் விரல்நுழையும் வெடிப்பு விழுந்தாலும், அந்தச் சொற்ப சக்தி விரயமாகிப் புகை வீட்டுக்குள்ளேயே திரும்புகிறது. பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்புறத்தில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கரி படிந்துவிட்டால், எஞ்சிய வழியின் விட்டம் எட்டு; பரப்பிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. விறகும் சுள்ளியும் தென்னை மட்டையும் மாறி மாறி எரிகிற அடுப்பில் இந்த ஒரு சென்டிமீட்டர் படிவதற்கு நெடுங்காலம் ஆவதில்லை. ஆகவே, குழாயைத் துடைக்கக் கோலொன்றும், கோல் நுழைவதற்கு அடியில் மூடியிட்ட துவாரமொன்றும் வைக்காமல் அடுப்பை ஒப்படைக்கிறவர், அந்த அடுப்புக்குத் தம் கையாலேயே ஆயுள் நிர்ணயித்துவிட்டுப் போகிறார் என்பது எமது உறுதியான அபிப்பிராயம்.

அடுப்பில் பானை இருக்குமிடமும் புகைப்போக்கியின் ஓர் அங்கமே. இரட்டையடுப்பில் குழம்பு கொதித்து இறங்கியதும் கொடியடுப்பின் வாய் திறந்து கிடக்கும். அந்தக் கணமே புகைப்போக்கி நெருப்பை விட்டுவிட்டு அந்தத் திறப்பின் வழியே அறையின் குளிர்ந்த காற்றை இழுக்கத் தொடங்குகிறது. முன்புறத்தில் சுவாலை தளர்ந்து சாய, சோற்றுப்பானையின் அடியிலிருந்து புகை சுருண்டு எழுகிறது. இதைக் கண்ட வீட்டு அம்மா ஓட்டைச் சட்டியொன்றை எடுத்துக் கொடியடுப்பின் மேல் கவிழ்க்கிறார், புகை அடங்குகிறது. அந்தச் சட்டி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்குப் பதிலாக ஒரு மூடியை அடுப்போடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது நாம். அவ்வாறே, நம் வார்ப்பச்சின் அளவுக்கு அடுப்பின் வாயைச் சிறிதாக வைத்துவிட்டு வந்தால், சீமைக்கருவேல் கட்டையைப் பிளக்க ஆளில்லாத வீட்டில், அரிவாளின் முனையால் அந்த வாயைக் கொத்தி அகலப்படுத்திக்கொள்கிறார்கள். அப்படிக் கொத்திய அடுப்பைக் கண்டு, சொன்னால் கேட்கமாட்டேனென்கிறார்களே என்று நொந்துகொள்வது நியாயமன்று. எந்த விறகு, எவ்வளவு கனம், யார் பிளப்பது, எந்தெந்தப் பாத்திரம் என்று மண் குழைப்பதற்கு முன்பே கேட்டு, பானையையும் சட்டியையும் தோசைக்கல்லையும் வரவழைத்து, அவற்றின் அடியை மண்ணில் பதித்தே குமிழ்களை வைத்திருந்தால், அரிவாளுக்கு வேலை வந்திராது.

அடுப்பை அமைத்து, நிழலில் இரண்டு வாரம் உலரவிட்டு, சிறு சுள்ளிகளால் மெல்ல மெல்லச் சூடேற்றிய பிறகு, ஒரு சோதனையை எல்லோரும் வழக்கமாக்கிக்கொள்வது நலம். நெருப்பு நன்றாகப் பற்றியதும் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, முதலில் அடுப்பின் வாயருகிலும், பின் பானையின் விளிம்பைச் சுற்றியும், கடைசியாகக் குழாயின் பூச்சுகள் நெடுகவும் நிதானமாகப் பிடித்துச் செல்ல வேண்டும். இழுப்பு சரியாக இருந்தால் வாயருகில் வத்தியின் மெல்லிய புகையிழை உள்நோக்கி வளையும். பானையின் விளிம்பில் அது உள்ளே உறிஞ்சப்பட்டால், அங்கே இடைவெளி இருக்கிறது, பானை சரியாகப் பொருந்தவில்லை என்பது பொருள். வாயருகிலேயே அது நேராக மேலெழுந்தாலோ நம் பக்கம் திரும்பினாலோ, அன்றே ஏணியில் ஏறிக் குழாயைப் பார்த்தாக வேண்டும். வீட்டு அம்மாவையும் இதைச் செய்யப் பழக்கிவிட்டால், பூஜைக்கென்று வீட்டில் எப்போதும் இருக்கும் வத்தியே அவருக்கு நிரந்தரமான கருவியாகிவிடுகிறது.

கூரையின் விஷயத்தில் சமரசத்துக்கே இடமில்லை. கீற்று வேய்ந்த வீட்டில் சூடேறும் தகரக் குழாயைக் கூரையின் ஊடே செலுத்துவது எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. மூங்கிலும் வரிச்சும் மாதக்கணக்கில் சூடுபட்டுக் கருகியபின், புதிதாக இருந்தபோது பற்றாத வெப்பத்திலும் பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகின்றன. ஆதலால், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்னும் தைரியம் நாளுக்கு நாள் ஆதாரமற்றதாகிறது. குளிர்நாட்டு அடுப்புகளுக்கென வகுக்கப்பட்ட அமெரிக்கத் தீத்தடுப்பு நியமம் 211, ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியும் பொருளுக்கும் இடையே 18 அங்குலம் விடச் சொல்கிறது. புகைப்போக்கி கூரையைத் துளைத்து வெளியேறும் இடத்திலிருந்து 3 அடி எழும்பி, 10 அடி தூரத்துக்குள் உள்ள எதனையும்விட 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும் என்றும் கூறுகிறது. தேசம் வேறானாலும் நெருப்பின் சுபாவம் ஒன்றே. கூரை முகட்டுக்குத் தாழ்ந்து நிற்கும் புகைப்போக்கியில் காற்று அடித்துப் புகையை உள்ளே தள்ளுவதை ஆடி மாதத்தில் நம் ஊரிலேயே பிரத்தியட்சமாகக் காணலாம். கீற்றுக் கூரைக்குச் சுவரையொட்டிச் செங்கல்லால் எழுப்பி, இறவாணத்துக்கு அப்பால் விலகி மேலேறும் புகைப்போக்கியே ஏற்றது. செலவு கூடுதல்தான், வேறு வழி கிடையாது. மழைத் தொப்பிக்கும் குழாய்க்கும் நடுவே குழாயின் விட்டத்தில் பாதிக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட விரும்புகிறோம். கல்நார் சிமெண்டுக் குழாய்களை ரம்பத்தால் அறுத்துப் புகைப்போக்கியாக வைக்கும் வழக்கம் பழைய திட்டத்தின் காலம் முதல் நம்மிடையே ஊறிவிட்டது. அறுக்கும்போது பறக்கும் அந்த இழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிப்பவை. பெண்களின் சுவாசத்தைக் காக்க வந்த நாம் நம்முடைய கொத்தனார்களின் சுவாசத்தைக் கெடுத்துக்கொள்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. குயவர்கள் சுட்டுத்தரும் மண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றை வாங்குவதால் இன்னொரு தொழிலும் பிழைக்கிறது.

விறகைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சை விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அது ஆவியாகும்போது நெருப்பின் வெப்பத்தைத் தாழ்த்திவிடுவதால், விறகிலிருந்து எழும் வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறித் தார்போலக் குழாயில் படிகின்றன. மழைக்காலத்துக்கு முன்பே பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, கூரைக்கடியில் உலர்த்துவதே பரிகாரம். அடுப்பின் மேல் பரண் கட்டி அதில் விறகை அடுக்குவது மட்டும் ஆபத்து. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதையும், பிளாஸ்டிக் தாளையும் சாயமடித்த பலகையையும் அடுப்பில் திணிப்பதையும் கண்டால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். குழாய்க்குள்ளேயே கரி பற்றிக்கொண்டு இரையும் சத்தம் கேட்டால், தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் ஆவி சீறும், குழாய் வெடிக்கும். அடுப்பின் வாயையும் பானைத் துளைகளையும் அடைத்துக் காற்றை நிறுத்திவிட்டு, எல்லோரும் வெளியேறித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். அதை மூடியுள்ள இரும்புச் சட்டியில் இட்டு ஆறவைத்த பின்பே குப்பைக்குழிக்குக் கொண்டுபோகலாம், வைக்கோற்போரின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மலைப்பிரதேசங்களில் பணிபுரியும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சி, கனன்றுகொண்டிருக்கும் தணலைச் சட்டியில் வாரி, கதவு ஜன்னல்களைச் சாத்திய அறைக்குள் வைத்து உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன செய்திகளைப் படித்து வருந்துகிறோம். புகை கண்ணை எரித்து எச்சரிக்கும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயு பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது பற்றிக்கொள்ளும். அடுப்பு அமைக்கப் போகிற ஒவ்வொரு மலைவீட்டிலும், புகையில்லாத நெருப்பு தீங்கில்லாத நெருப்பன்று என்பதைக் குழந்தைகளுக்கும் புரியும்படி சொல்லிவிட்டு வருவது நம் வேலையில் சேர்ந்தது.

இவை யாவும் பெரும்பாலோர் அறிந்தவையே. அறிந்தவற்றை அடுப்பு கட்டும் நாளில் செய்துவிட்டு, மறுபடி அந்த வீட்டுப் படியேறாமல் இருப்பதுதான் நம் தொழிலைத் தொடர்ந்து பீடித்துவரும் நோய். இதற்கு மூன்று வருகைகளை நியமமாக்கிக்கொள்ளும்படி பிரேரேபிக்கிறோம். முதல் வாரத்துக்குள் ஒருமுறை, பூச்சில் வெடிப்பு கண்டிருந்தால் அடைக்க. ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை, ஈரம் பட்ட மண்ணையும் குழாயின் கரியையும் பார்க்க. ஆண்டு நிறைவில் ஒருமுறை, கோலை அந்த அம்மாவின் கையில் கொடுத்து அவரே துடைப்பதைப் பார்க்க. இம்மூன்றுக்கும் உரிய கூலியை அடுப்பின் விலையிலேயே சேர்த்து, அதை வெளிப்படையாகச் சொல்லி வாங்க வேண்டும். இலவசமாக வருகிறேன் என்பவர் இரண்டாம் முறை வருவதில்லை. பணம் தரும் அறநிலையங்களும் அரசுத் துறைகளும் அடுப்பொன்றுக்கு இவ்வளவு என்று கட்டிய நாளிலேயே முழுத் தொகையையும் தீர்த்துவிடாமல், ஒரு பகுதியை ஓராண்டுக்குப் பின் எரியும் அடுப்பைப் பார்த்துத் தருமானால், மூன்றாவது வருகை தானாகவே நடைபெறும்.

இவ்விதழைப் பொறுத்தவரை, அடுத்த இதழ் முதல் புதிய அடுப்பு வடிவங்களைப் பற்றிய கட்டுரைகளை, அந்த வடிவம் குறைந்தது ஓராண்டு ஒரு வீட்டில் அன்றாடம் எரிந்து, கடைசி வருகையில் ஊதுவத்திச் சோதனையில் தேறிய விவரத்தோடு வந்தால் மட்டுமே வெளியிடுவது என்று தீர்மானித்திருக்கிறோம். பழுதாகிக் கைவிடப்பட்ட அடுப்புகளைப் பற்றி, எந்த மாதத்தில், எந்த இடத்தில், எதனால் என்று எழுதியனுப்பும் அன்பர்களின் குறிப்புகளுக்கு முதற் பக்கங்களை ஒதுக்கிவைக்கிறோம்.