தலை எண்ணுவதா திருவிழாப் படம்?

வில்லியனூர் தேர் முடிந்த மறுநாள் பேரன் செல்போனில் படங்கள் காட்டினான். பாதி, வடம் பிடிக்கும் பெரிய மனிதர்கள். மீதி ட்ரோனில் எடுத்தவை; கடுகு கொட்டினாற்போல் தலைகள். ஒரு முகம்கூட இல்லை!

பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அவர் வடம் தொட்டு வைப்பவர். நிலை வரை இழுப்பது யார்? சக்கரத்தடியில் உயிரைப் பணயம் வைத்து முட்டுக்கட்டை போடுகிறவர் எந்தப் படத்தில் இருக்கிறார்?

1937-ல் லண்டனில் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. பிரெஞ்சுப் பத்திரிகைக்காகப் போன கார்த்தியே-பிரெசோன் ராஜாவை விட்டுவிட்டு, பார்க்க வந்த ஜனங்களை எடுத்தார். காத்திருந்து களைத்து, காகிதக் குப்பைமேல் தூங்கிவிட்ட ஒருவர். அவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் கூட்டம். விழா முழுவதும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது.

"கூட்டத்தின் பிரம்மாண்டம் தெரிய வேண்டாமா தாத்தா?" என்றான் பேரன். அது வெறும் எண்ணிக்கையடா. ஆயுள் முழுக்கக் கோப்புகளில் எண்ணிக்கை எழுதியவன் நான். அதில் மனிதர்கள் தெரிய மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ட்ரோனை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போகட்டும். தேர் அசையும் நொடியில் தேரைப் பார்க்காமல், கைகூப்பும் கிழவியைப் பார்க்கட்டும்.

என் அப்பாவும் அந்த வடம் இழுத்தவர்தான். அவர் முகம் எந்தப் படத்திலும் இல்லை.